நாற்பத்தொரு மீட்டர்

மீட்டர் தப்பாக அளந்துவிட்டான் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களைப் பிடித்து நிறுத்தியும் சொன்னேன். மீட்டர் என்பது அவன் பெயரில்லை. கதவு, மேசை, அடுத்தவன் செருப்பு என்று எதைப் பார்த்தாலும் சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவுகிற குணத்துக்கு நான் வைத்த பட்டம். முதலில் அவன் என் தொழில் கூட்டாளி. பிறகு அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டதில் மச்சான். அதற்கும் பிறகு எனக்கு அவன் யாருமில்லை என்று ஆகிவிட்டது.

என் மனைவி மட்டும் மாதம் ஒருமுறை அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். வீட்டில் அது ஒரு ஒப்பந்தம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அவள் அதை மீறினாள்.

"பொண்ணு இன்னும் மூணு வாரத்துல வேலைக்கு வெளிநாடு போறா. அதுக்குள்ள அண்ணன் ஒரு நாள் நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிடணும். நீங்க போய்க் கூப்பிடணும்."

"தப்புப் பண்ணினவன் அவன். அவன் வரட்டும்."

"ஒரு அளவு தப்புனதுக்குப் போய் இத்தனை வருஷக் கோபமா?"

"எங்க தொழில்ல அளவுலதான் தப்பு வரும். வேற எதுல வரும்?"

அன்றைக்குப் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்பட்டன.

இது நடந்து நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே எல்லாக் கேபிளையும் மாற்றுகிறார்கள். பிரதான கட்டடத்துக்கும் ஸ்கேன் கட்டடத்துக்கும் நடுவே ஓடுகிற பழைய ஆரஞ்சு நிறக் கேபிளைக் கழற்றிவிட்டு, புது மஞ்சள் கேபிள் போட வேண்டும். அந்த ஆரஞ்சைப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவனைத்தான் இத்தனை நேரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போட்ட கேபிள் அது. எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் பெரிய வேலை. ஒரு ஏணி, ஒரு டிரம் கேபிள், வாடகைக்கு எடுத்த ஒட்டுகிற மெஷின். வழியை அளப்பது மீட்டரின் வேலை. முனைகளில் கண்ணாடி இழையைச் சீவி, ஒட்டி, வெளிச்சம் அந்தப் பக்கம் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. கேபிளை இழுப்பது இருவர் வேலை.

மீட்டர் அளக்கிற அழகே தனி. கேபிளின் மேல்தோலில் மீட்டருக்கு ஒரு நம்பர் அச்சடித்திருப்பார்கள். ஆரம்ப நம்பரையும் முடிவு நம்பரையும் பார்த்துக் கழித்தால் நீளம் வந்துவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இவன் மாட்டான். "டிரம்காரன் அச்சடிச்சதை நான் ஏன் நம்பணும்? நான் நடந்தது எனக்குத் தெரியும்" என்பான். கேபிள் போகப்போகிற வழி முழுக்கத் தரையில் டேப்பைப் போட்டு, சுவருக்குச் சுவர், படிக்குப் படி நடந்து, கடைசியில் வளைவுக்கும் தொங்கலுக்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்துக்கொள்வான். அந்த வழி இருநூற்று நாற்பத்தெட்டு மீட்டர். ஐந்து சதவீதம் சேர்த்து இருநூற்று அறுபது. ஆஸ்பத்திரியின் கேபிள் ரிஜிஸ்டரில் எழுதி, எண்ணுக்கு அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். எந்த எண்ணை எழுதினாலும் அடியில் கோடு இழுப்பது அவன் பழக்கம். அவன் எழுதுகிற 4 என்ற எண்ணின் தலை எப்போதும் திறந்துதான் இருக்கும்.

அந்த வழியின் நடுவில் மருத்துவப் பதிவேட்டு அறை இருந்தது. தரையிலிருந்து கூரை வரை கோப்புகள். அவற்றுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதில் மீட்டரின் தங்கை. அவன்தான் அவளுக்கு அந்த வேலையைப் பார்த்துக் கொடுத்தவன். "என் தங்கச்சி ரூமுக்கு மேல வேலை பார்க்கறப்போ தூசி கொட்டாமப் பாரு" என்று எச்சரித்துத்தான் என்னை உள்ளே அனுப்பினான். நான் சீலிங் பலகையைத் தூக்கிய முதல் நிமிஷமே ஒரு கூடைத் தூசி அவள் மேசையில் இறங்கியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். பக்கத்திலிருந்த ஒரு கோப்பை எடுத்து டீ டம்ளரின் மேல் மூடிவைத்தாள், அவ்வளவுதான்.

"யார் ஃபைல் அது?" என்று ஏணியிலிருந்து கேட்டேன்.

"குடல் ஆபரேஷன். போன வருஷமே நல்லாயிட்டாரு. ஒண்ணும் சொல்லமாட்டாரு."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாளில் முடிய வேண்டிய சீலிங் வேலை ஐந்து நாள் ஓடியது. நான் ஏணியின் மேல், அவள் கோப்புகளுக்கு நடுவில். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அந்தப் பக்கத்துப் பலகையில்தான் கோளாறு தென்பட்டது. மீட்டர் ஸ்கேன் கட்டடத்தில் நின்றுகொண்டு, "அங்க என்னடா பண்ற, சீலிங்கைப் புதுசாக் கட்டறியா?" என்று வாக்கி டாக்கியில் கத்துவான். அவள் சத்தம் வராமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் மலர்ந்துவிடுகிறது.

கடைசி நாள். கேபிள் முனை மீட்டரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதிவேட்டு அறைத் தரையில் மிச்சம் நிறையக் கிடந்தது. அதைப் பின்னால் இழுத்து, பிரதான கட்டடத்து முனையில் வெட்டிப் போட்டிருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. அழகாகச் சுருட்டி, நாலு இடத்தில் கட்டி, அவள் மேசைக்கு நேர் மேலே சீலிங்குக்குள் வைத்தேன்.

"இது எதுக்கு?" என்றாள்.

"உங்க ரூமுக்குக் கம்ப்யூட்டர் வரும்ல. அப்ப இதை வெட்டி இங்க ஒரு இணைப்புக் குடுக்கலாம். நான் வரவேண்டியிருக்கும்."

"அதுக்கு இவ்வளவு நீளமா?"

அவள் மேசைக்கு ஆறு மீட்டர் போதும். ஆனால் அந்த வயதில் அதையெல்லாம் யார் அளந்து பார்த்தார்கள். அளக்கிறவன் ஸ்கேன் கட்டடத்தில் இருந்தான். அவனிடம் நான் சொல்லவில்லை. உன் தங்கை தலைக்கு மேலே நான் ஒரு காரணத்தைச் சுருட்டி வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது.

கம்ப்யூட்டர் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அடுத்த வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. மீட்டர்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தான். "மாப்பிள்ளை, அஞ்சு நாள் சீலிங் வேலையோட விவரம் எனக்கு இப்பத்தான் புரியுது" என்று எல்லோர் முன்னாலும் என் மூக்கை உடைத்தான். கேபிள் போட்டதிலிருந்து அந்த மூன்று வருஷம் போல் நான் பிறகு சிரித்ததில்லை. காலையில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் கிளம்புவோம். ஒரே டிபன் பாக்ஸ், இரண்டு கை. என் வீட்டுக் கட்டிலின் நீளத்தைக்கூட அவன் அளந்து, நான் தூங்கினால் கால் எவ்வளவு வெளியே நீளும் என்று சொன்னவன்.

பிறகு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் இணைப்பின் வேகத்தைக் கூட்டினார்கள். எக்ஸ்ரே படங்கள் கம்ப்யூட்டரிலேயே போக வேண்டும் என்று, கம்ப்யூட்டர்களை இணைக்கிற பழைய சுவிட்சுப் பெட்டிகளை எடுத்துவிட்டுப் பத்து மடங்கு வேகமான சுவிட்சுகள் வாங்கினார்கள். கேபிள் அதே ஆரஞ்சு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் சண்டை புரியாது. அந்த ஆரஞ்சுக் கேபிளின் இழை கொஞ்சம் அகலமானது. அதற்குள் வெளிச்சம் ஒரே பாதையில் போகாது. ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்புகிற குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நேராக நடப்பார், இன்னொருவர் இரண்டு பக்கக் கடையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் போவார். அடுத்த தெரு என்றால் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் போய் நிற்பார்கள். தூரம் கூடினால் இந்தக் குடும்பத்தின் கடைசி ஆளும், பின்னால் கிளம்பிய குடும்பத்தின் முதல் ஆளும் கலந்துவிடுவார்கள். யார் எந்த வீடு என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. வேகத்தைக் கூட்டுவது என்றால் குடும்பங்களை அடுத்தடுத்து நெருக்கமாக அனுப்புவது. அதனால் கலக்காமல் போகக்கூடிய தூரம் குறைந்துவிடும். பழைய வேகத்துக்கு அந்தக் கேபிள் இரண்டு கிலோமீட்டர் தாங்கும். பத்து மடங்கு வேகத்துக்கு இருநூற்று எழுபத்தைந்து மீட்டர்தான். அதற்கும் பத்து மடங்கு என்றால் வெறும் முப்பத்துமூன்று.

ரிஜிஸ்டரில் இருநூற்று அறுபது என்று இருந்தது. பதினைந்து மீட்டர் மிச்சம். "தாராளமா ஓடும்" என்று மீட்டர் சொன்னான், எழுதியும் கொடுத்தான். ஓடவில்லை. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் படம் பாதியில் நிற்கும். மார்பு தெரியும், இடுப்பு வராது. டாக்டர்கள் கத்தினார்கள். நான் வெளிச்சத்தின் அளவைச் சோதித்தேன், நன்றாக வந்தது. அப்போது எங்களிடம் இருந்த கருவி வெளிச்சம் வருகிறதா என்று சொல்லும், எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்று சொல்லாது.

"ஒட்டுனதுல கோளாறு" என்றான் மீட்டர்.

"அளந்ததுல கோளாறு" என்றேன் நான்.

ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில், ஆட்கள் வேடிக்கை பார்க்க, தொண்டை கிழியக் கத்திக்கொண்டோம். கட்டட இன்ஜினியர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தப்பு யாருடையது என்று எழுத்தில் வேண்டும், அந்த ஆள் இனி உள்ளே வரக் கூடாது, இன்னொருவர் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். என் மனைவி அப்போது ஏழு மாதம். எங்கள் கையில் வேறு நிலையான வேலை இல்லை. நாலு நாள் கழித்து மீட்டர் தனியாகப் போய் ரிஜிஸ்டரில் எழுதிக் கொடுத்துவிட்டான். அளவு தவறு, தன் பொறுப்பு என்று.

பார்த்தாயா, நான் சொன்னேனே என்று எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு நான் வேறு வகை லேசர் போட்டு, அதற்கென்று ஒரு தனி ஒயரும் மாட்டி, இணைப்பை ஓடவைத்தேன். அது அந்தக் கேபிளிலேயே ஐந்நூறு மீட்டருக்கு மேல் தாங்கும். என் பெயர் வளர்ந்தது. மீட்டர் ஏன் வரவில்லை என்று கேட்ட ஒவ்வொரு இடத்திலும், அவனுக்கு அளக்கத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஒரு வருஷத்துக்குள் அவனை வேலைக்குக் கூப்பிட யாருமில்லாமல் போனது. அவன் திரைச்சீலைக் கடை வைத்தான்.

இந்த முறை ஆஸ்பத்திரியில் என்னை வரவேற்றது கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற மேடம். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும், ஆனால் பேச்சில் சூடு பறக்கும்.

"பழைய கேபிளைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீளம் பார்த்துக் குடுங்க. கண்காணிப்புக் கேமராவுக்கு ஆகுமான்னு பார்க்கிறேன். இந்தாங்க, பழைய ரிஜிஸ்டர். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயாச்சு. இது உங்களுக்கு வேணும்னா வச்சுக்குங்க, இல்லேன்னா குப்பைக்குப் போகும்."

இப்போது என்னிடம் நீளம் காட்டுகிற கருவி இருக்கிறது. வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வெளிச்சத்தை உள்ளே விட்டு, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்து நீளம் சொல்லும். பன்னிரண்டு வருஷத்தில் இந்தக் கேபிளில் மட்டும் அதை மாட்டிப் பார்த்ததில்லை. ஓடுகிற கேபிளில் யார் கைவைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மாட்டினேன். திரையில் முன்னூற்று ஒன்று என்று வந்தது.

நான் சிரித்தேன். "பார்த்தீங்களா மேடம், இருநூத்தி அறுபதுன்னு எழுதி வச்சிருக்கான். நாப்பத்தொரு மீட்டர் தப்பு. இந்த ஆளை நம்பி ஒரு ஆஸ்பத்திரியே நடந்துச்சு."

மேடம் திரையைப் பார்த்தாள். "நாப்பத்தொரு மீட்டரா? அளக்கறதுல ஒண்ணு ரெண்டு தப்பும். நாப்பத்தொண்ணு எப்படித் தப்பும்? நடுவுல எங்கயாவது சுருட்டி வச்சிருக்காங்களான்னு பாருங்க."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த நிமிஷம் ஞாபகம் வந்ததா, இல்லை இத்தனை நாளும் ஞாபகம் இருந்ததா என்று கேட்டால், சத்தியமாக என்னால் சொல்ல முடியாது. மறந்துபோனேன் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். தனக்கு வேண்டாததை மறப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பதிவேட்டு அறை இப்போது பதிவேட்டு அறை இல்லை. கோப்புகள் போய், சக்கரம் கழன்ற நாற்காலி வண்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒதுக்கி ஏணியைப் போட்டேன். அன்றைக்கு இரண்டு தாவலில் ஏறிய ஏணி. இன்றைக்கு ஒவ்வொரு படியிலும் முழங்கால் ஒரு பேச்சுப் பேசியது. ஒன்பது படி. பலகையைத் தூக்கினேன். தூசி கொட்டியது. டம்ளரை மூட கீழே யாருமில்லை.

சுருள் இருந்தது. நான் கட்டிய நாலு கட்டும் அப்படியே இருந்தன. ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அது நான் கட்டியதில்லை. வெள்ளை பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் கோத்து, சுருளின் நடுவில் கட்டியிருந்தது. தூசியைத் துடைத்தேன். மார்க்கர் பேனாவில் 41 மீ. என்று எழுதி, அடியில் ஒரு கோடு. நாலின் தலை திறந்திருந்தது. அதன் கீழே ஒரு தேதி.

ஏணியிலேயே நின்று, இடுப்பில் செருகியிருந்த ரிஜிஸ்டரைப் பிரித்தேன். இருநூற்று அறுபதை ஒரே கோட்டில் அடித்திருந்தான். அளவு தவறு, என் பொறுப்பு, கையெழுத்து, தேதி. அட்டையில் இருந்த தேதி அதற்கு மூன்று நாள் முந்தையது.

அவன் ஏறிப் பார்த்திருக்கிறான். அளந்திருக்கிறான். யாருடைய வேலை, யாருக்காகச் செய்தது, எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஏணியிலிருந்து இறங்கி ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேடம் கதவருகே வந்து, "தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன், வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் மேடத்திடம் கேட்டு, சுருளை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி கதவைத் திறந்தாள். என் கையைப் பார்த்ததும் அவள் முகம் இருபத்தைந்து வருஷம் பின்னால் போய்விட்டது.

"அய்யோ, இது இன்னும் இருந்துச்சா?" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு எவ்வளவு பெரிய பொய் சொன்னீங்க. கம்ப்யூட்டர் வருமாம், வெட்டுவாராம்." ஆரஞ்சுத் தோலின் தூசியை முந்தானையால் துடைத்தாள். அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருக்கிறது, சத்தம் வராத சிரிப்பு.

அவளிடம் அதைச் சொல்வது எனக்குக் கொடுமையாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். சுருளுக்குள்ளும் வெளிச்சம் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும், வெளியே நிற்கிறவர்களுக்கு அது ஒரு முழ அகலம், வெளிச்சத்துக்கு நாற்பத்தொரு மீட்டர் என்று சொன்னேன். அட்டையைக் காட்டினேன். தேதியைக் காட்டினேன். அவள் சிரிப்பு நின்றது. எண்ணுக்கு அடியில் இருந்த கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"அப்ப நான் அண்ணன்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா?" என்றாள். "உன் கவனக்குறைவால என் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவுன்னு சொன்னேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அவர் வீட்டு வாசல்ல நின்னு சொன்னேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? வெயில்ல நிக்காத, உள்ள வந்து உக்காருன்னாரு."

அவள் அழுதாள். நான் ஒரு நல்ல கணவனைப் போல ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அழுகை வந்துவிட்டதால் முடியவில்லை.

மறுநாள் காலை சுருளையும் ரிஜிஸ்டரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு திரைச்சீலைக் கடைக்குப் போனேன். கடை திறந்து அரை மணி நேரம் இருக்கும். மீட்டர் ஒரு அம்மாவிடம் வாதாடிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெள்ளை. கழுத்தில் டேப்.

"ஜன்னல் நூத்தி எண்பதுன்னு நீங்க சொல்றீங்கம்மா. நான் வந்து அளந்துட்டுத்தான் வெட்டுவேன்."

"போன வாரம்தான் என் பையன் அளந்தான்."

"பையன் அளந்ததைப் பையன் வெட்டட்டும்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். மீட்டர் திரும்பினான், என்னைப் பார்த்தான், கையிலிருந்த துணியை மடித்தான். ஒழுங்காக மடித்திருந்ததை மறுபடி பிரித்து மடித்தான்.

பையைக் கவிழ்த்தேன். சுருள் மேசையில் விழுந்தது. அட்டை மேலே பார்த்துக் கிடந்தது.

"ஏறிட்டியா?" என்றான்.

"நேத்துத்தான் ஏறினேன்."

"ஒன்பது படிதான் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன் மச்சான் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொல்லி? இன்ஜினியர் எழுதித்தானே கேட்டாரு. சுருள்னு எழுதினா நீ வெளியே. எதுக்கு வச்ச, யார் தலைக்கு மேல வச்சன்னு ஆஸ்பத்திரி முழுக்கக் கதை. அவ ஏழு மாசம். நான் தனி ஆள், எங்கயும் பிழைச்சுக்குவேன்னு நினைச்சேன்." டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டான். "என்னைப் பெரிய தியாகின்னு நினைக்காத. கேபிள் மேல இருக்கிற நம்பரைப் பார்த்திருந்தா போட்ட அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். திமிர், பார்க்கலை. அதனால தப்புன்னு எழுதினது முழுப் பொய்யும் இல்ல."

"அட்டை எதுக்குக் கட்டின?"

"நீ பார்க்கத்தான். ஒரு வாரத்துல நீ ஏறிப் பார்ப்பன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு மாசம்னு நினைச்சேன். பொண்ணு பொறந்த சேதி வந்தப்போ, இன்னைக்கு வருவன்னு எங்கயும் போகாம வீட்டுலயே இருந்தேன்." அவன் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் எழுதிக் குடுத்தது ஒரு ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளை. ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தது நீ."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்த வார்த்தை அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவன் கட்டுகளைக் கத்தரியால் வெட்டினான். ஒரு முனையை என்னிடம் கொடுத்தான். "பிடி" என்றான். கடை மேசையின் ஓரத்தில் துணி அளக்கப் பதித்திருந்த பித்தளைக் கோலில் வைத்து, ஒவ்வொரு மீட்டராகத் தள்ளித் தள்ளி எண்ணினான். நான் இந்தப் பக்கம் இழுத்துச் சுருட்டினேன். முன்பு வேலை செய்த மாதிரியே, அவன் ஒரு முனையில், நான் ஒரு முனையில். இரண்டு பேர் திரைச்சீலை கேட்டு வந்தார்கள். "கொஞ்சம் இருங்க, அளவு நடக்குது" என்று அவர்களை உட்காரவைத்தான். நாற்பத்தொன்றில் கேபிள் முடிந்தது.

நான் ரிஜிஸ்டரைப் பிரித்து, அவன் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். அளவு சரி. இருநூற்று அறுபது. மீதி நாற்பத்தொரு மீட்டர் நான் சுருட்டி வைத்தது, யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, எண்ணுக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தேன். அவன் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தான். பிறகு அதைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

"இதோட நகல் எடுத்து, நான் வேலை பார்க்கிற எல்லா இடத்துலயும் சொல்றேன் மச்சான்."

"அவங்கள்ல பாதிப் பேர் ரிட்டயர் ஆயிருப்பாங்க. விடு."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பொண்ணு கிளம்பறா. உன்கூட உக்காந்து சாப்பிடணும்னு அவ அம்மா சொல்றா. நானும் சொல்றேன்."

அவன் டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டான். "உன் வீட்டுக்கு இங்கேருந்து எவ்வளவு தூரம் தெரியுமா?"

"தெரியாது."

"ஆயிரத்து எண்ணூத்தி முப்பது மீட்டர்."

நான் அவனைப் பார்த்தேன். "கடையிலேருந்து வீட்டுக்கா? எப்ப அளந்த?"

"வருஷத்துக்கு ஒரு தடவை. பொண்ணு பொறந்தநாளுக்கு. உன் கேட்டு வரைக்கும் வருவேன், திரும்பிருவேன். ரோடு போட்டாங்க, பாலம் கட்டினாங்க, அளவு மாறலை."

இருபத்திரண்டு முறை அவன் என் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான். அந்த நாட்களில் நான் உள்ளே உட்கார்ந்து விருந்தாளிகளிடம் அவனைப் பற்றித்தான் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன். திரைச்சீலை வாங்க வந்தவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மீட்டர் ஆரஞ்சுக் கேபிளை எடுத்துச் சின்ன வளையமாகச் சுருட்டிக் கட்டினான். வெள்ளை அட்டையையும் சேர்த்தே கட்டினான். அதை என் மடியில் வைத்தான்.

"ரெண்டு கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கு" என்றான். "பழைய வேகத்துக்கு இந்தக் கேபிள் அவ்வளவு தூரம் தாங்கும். மெதுவா வர்றேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே நான் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.